மணிவிழாவுக்குக் கணவருக்கு என்ன கொடுப்பது?

கேள்வி இது. கணவருக்கு வரும் ஆவணியில் 60 முடிகிறது. கேட்பவருக்கு வயது 48. கணவர் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறார், இந்த வருடத்தோடு ஓய்வு. பிள்ளைகள் மணிவிழாவைத் திருக்கடையூரில் வைப்பதென்று முடிவு செய்துவிட்டார்கள். "என் பங்குக்கு நான் தனியாக என்ன கொடுப்பது? கேட்டால், எனக்கு எதுக்கு இப்போ என்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்து முப்பதாயிரம் வைத்திருக்கிறேன். நல்ல கைக்கடிகாரமா, மோதிரமா, நடையை எண்ணும் ஸ்மார்ட் வாட்சா? இளவயதில் புல்லாங்குழல் வாசிப்பாராம், நான் ஒரு நாளும் கேட்டதில்லை."

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இதே 12 வயது வித்தியாசம்தான். அவருக்கு இப்போது 76. 50, 60, 70, 75 என்று நான்கு பெரிய பிறந்தநாள்களை அவரோடு பார்த்துவிட்டேன். அது போக, கோவையில் ஒரு கைத்தறித் துணிக்கடையில் 22 வருடம் வேலை பார்த்தேன். அறுபதாம் கல்யாணத்துக்கு வேட்டி எடுக்க வருகிற மனைவிகள் பில் போட்டு முடித்த பிறகும் போகமாட்டார்கள். "இது ஊருக்காக எடுத்தாச்சு, அவருக்கு நான் என்ன குடுக்கறது?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அதனால் உங்கள் கேள்வி எனக்குப் பழகிய கேள்வி.

சுருக்கமான பதில் உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே இருக்கிறது. புல்லாங்குழல். ஆனால் அதை எப்படி வாங்குவது, எப்போது கொடுப்பது, கொடுப்பதற்கு முன் யாரிடம் என்ன விசாரிப்பது என்பதில்தான் காரியமே இருக்கிறது. அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நான் தவறவிட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பம்புசெட் பட்டறையில் டர்னர், லேத் மெஷினில் இரும்பைக் கடைகிறவர். 2000-இல் அவருக்கு ஐம்பது. என் சம்பளத்தில் சேர்த்து, பொன்முலாம் பூசிய ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், பீரோவில் வைத்தார். ஒரு வருடம் ஆகியும் கையில் ஏறவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் அவரோடு வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. லேத்தில் நிற்கிறவர்கள் கடிகாரமோ மோதிரமோ போடமாட்டார்கள். சுழல்கிற இரும்பில் சிக்கினால் கையோடு போய்விடும். கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட எச்.எம்.டி. கடிகாரத்தையே அவர் அத்தனை வருடமும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் போய் வந்திருக்கிறார். 16 வருடம் கூடவே வாழ்ந்தும், அவர் நாளில் 8 மணி நேரம் எப்படிப் போகிறது என்று நான் பார்த்திருக்கவில்லை.

2010-இல் அறுபது. ஓய்வு பெற்றுவிட்டார், இனி உட்கார்ந்து இளைப்பாறட்டும் என்று தேக்கில் ஒரு சாய்வு நாற்காலி செய்யச் சொல்லிக் கொடுத்தேன். அழகான நாற்காலி. அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே இருந்தார். காலையில் பேப்பர், அப்புறம் வாசலைப் பார்ப்பது, அப்புறம் தூக்கம். 40 வருடம் 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பிய மனுஷன். நான்கு மாதத்தில் முகமே மாறிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது. நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால், காலையில் விட்டுப் போன இடத்திலேயே இருப்பார். வயது வித்தியாசமுள்ள வீடுகளில் இது கூடுதல் சிரமம். அவர் நின்றுவிடுகிறார், நீங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கப் போகிறது.

அடுத்த பிறந்தநாளுக்கு, 61-க்கு, யாரும் எதுவும் எதிர்பார்க்காத நாளில், பின்கட்டில் ஒரு கனமான மரமேசையும் அதில் பொருத்த நான்கு அங்குல வைஸும் வாங்கிப் போட்டேன். வைஸ் என்றால் இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்கிற சாதனம். டர்னருக்கு அது இன்னொரு கை மாதிரி. விலை அந்த நாற்காலியில் பாதிகூட இல்லை. மறுநாள் பழைய அரத்தையும் சுத்தியலையும் தேடி எடுத்தார். ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸி வந்தது. பிறகு தெருவில் பாதி வீட்டுக் குக்கர் கைப்பிடி, கேட் கீல், தையல் மெஷின் என்று வர ஆரம்பித்தது. பெரும்பாலும் காசு வாங்கமாட்டார். அந்த மேசை இன்னமும் இருக்கிறது. அந்தப் பொன்முலாம் கடிகாரமும் ஓய்வுக்குப் பிறகு தானாகவே கைக்கு வந்துவிட்டது, மேசைக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைப்பார்.

இதிலிருந்து எனக்குப் பிடிபட்டது ஒன்று. அறுபதாம் பிறந்தநாள் அன்றைக்கு அவர் எப்படியிருப்பார் என்று நினைத்துப் பொருள் வாங்கினால் தப்பாகிவிடுகிறது. விழா முடிந்து, உறவுக்காரர்கள் போய், வேலையும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு அவர் கைகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசித்து வாங்க வேண்டும். 35 வருடம் லெட்ஜரும் கம்ப்யூட்டரும் பார்த்த விரல்களுக்கு அந்தக் காலை 10 மணி மிக நீளமானது.

சரி, இனி புல்லாங்குழலுக்கு வருவோம்.

குழல் வாங்குவதற்கு முன்னால் அவருடைய அக்காவிடமோ தம்பியிடமோ, கல்லூரிக் காலத்து நண்பர் யாராவது இருந்தால் அவரிடமோ பேசுங்கள். கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, அவர் வாசித்தது எந்தக் குழல். முறையாக ஆசிரியரிடம் கற்றிருந்தால் அது கர்நாடக சங்கீதக் குழல், ஊதும் துளையைத் தவிர விரலுக்கு 8 துளைகள் இருக்கும். அவருடைய இளமை 1980-கள் என்றால், குழல் வித்வான் என். ரமணியின் கச்சேரிகள் வானொலியில் வந்துகொண்டிருந்த காலம். மாலி என்று எல்லோரும் சொல்கிற குழல் வித்வான் டி.ஆர். மகாலிங்கம் 1986-இல் காலமானார், அப்போது உங்கள் வீட்டுக்காரருக்கு இருபது முடியப்போகிற வயது. அந்தக் காற்றில் வளர்ந்து குழல் எடுத்த பையன்கள் நிறைய. ஆனால் தேரடியில் விற்கிற குழலை வாங்கி, காதால் கேட்டே சினிமாப் பாட்டு வாசித்தவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் 6 துளை, வட இந்திய பன்சூரியைப் போல. பழகிய விரலுக்குத் துளை எண்ணிக்கை மாறினால், எடுத்ததும் ஒன்றும் வராது. 40 வருடம் கழித்துக் கையில் எடுத்த முதல் நாளே வரவில்லை என்றால் மனசு விட்டுப்போகும்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். ஏன் விட்டார்? வேலைக்குப் போனதும் நேரமில்லாமல் தானாக நின்றதா, அப்பாவுக்குப் பிடிக்காமல் நிறுத்த வைத்தார்களா, தங்கை கல்யாணச் செலவுக்கிடையே கற்றுக்கொள்ளக் காசில்லையா? கூட வாசித்த நண்பர் இறந்து போனாரா? கைவிட்ட ஒன்றுக்குள் வலி இருக்கலாம். எங்கள் கடைக்கு வந்த ஒரு பெண்மணி, கணவர் இளவயதில் படம் வரைவார் என்று கேள்விப்பட்டு, பெரிய வண்ணப்பெட்டியும் பலகையும் வாங்கி எல்லோர் முன்னிலையிலும் கொடுத்திருக்கிறார். அவர் வரைந்தவற்றை எல்லாம் அவருடைய அப்பா அடுப்பில் போட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் சபையில் எழுந்து வெளியே போய்விட்டாராம். அந்தப் பெண்மணி அதைச் சொல்லும்போது எட்டு வருடம் ஆகியிருந்தது, இருந்தும் குரல் கம்மியது. ஆகவே விசாரியுங்கள். வலி இருந்தால் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரும் இல்லாத நேரத்தில், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, கட்டாயப்படுத்தாமல் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, சுருதி ஏற ஏறக் குழல் குட்டையாகும், துளைகளும் நெருங்கி வரும். சுருதி இறங்கினால் குழல் நீளும், விரல்களை அகட்டிப் பிடிக்க வேண்டும். அறுபது வயதில் விரல் மூட்டு கொஞ்சம் இறுகியிருந்தால் நீளக் குழல் சிரமம். ஆரம்பக்காரர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கிற 5 கட்டைச் சுருதிக் குழல் கைக்கு அடக்கமானது, அதிலிருந்து தொடங்கலாம். முன்பற்கள் விழுந்திருந்தாலோ பல்செட் வைத்திருந்தாலோ உதட்டின் பிடிமானம் மாறும். முதல் சில வாரங்கள் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும் என்பதை ஆசிரியர் சொல்லி வைத்தால் நல்லது. மூங்கில் வெயிலிலும் ஏ.சி. அறையின் வறட்சியிலும் கீறல் விடும், அவ்வப்போது உட்புறம் லேசாக எண்ணெய் காட்ட வேண்டும். முடிந்தால் வாத்தியக் கடைக்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். சுருதி சரியாக நிற்கிற குழலும் நிற்காத குழலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

பழகுகிற குழலுக்கு உங்கள் முப்பதாயிரத்தில் சிறு பகுதிதான் ஆகும். மீதியை வேறு பொருளில் போட்டு நிரப்ப வேண்டாம். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரைப் பிடித்து ஆறு மாதச் சம்பளத்தை ஒதுக்கி வையுங்கள். குழலை மட்டும் கொடுத்தால் ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு, "இனிமே என்ன" என்று பரணில் வைக்க வாய்ப்பிருக்கிறது. திங்கள், வியாழன் மாலை 5 மணிக்கு ஒருவர் வருவார் என்றால் அவர் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பார். ஓய்வு பெற்றவருக்குக் கிழமையும் மணியும் திரும்பக் கிடைப்பது பெரிய காரியம். ஆசிரியர் வயதில் சின்னவராக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் பெரியவரிடம் பேசுகிறவர் வேண்டாம்.

மணிவிழாவிலேயே கொடுத்துவிடலாமா என்று நீங்கள் நினைக்கலாம். வேண்டாம் என்பேன். காரணம் சொல்கிறேன்.

உங்கள் கணவர் பிறந்தது 1966 ஆவணி, அதாவது பராபவ வருடம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடப் பெயர்கள் ஒரு சுற்று வந்து, இப்போது 2026 சித்திரையில் மறுபடியும் பராபவ பிறந்திருக்கிறது. வியாழன் ராசிச் சக்கரத்தை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 12 வருடம், சனிக்கு ஏறத்தாழ 30. ஐந்து பன்னிரண்டும் இரண்டு முப்பதும் அறுபது. அவர் பிறந்தபோது அந்த இரண்டு கிரகங்களும் எங்கே இருந்தனவோ, கிட்டத்தட்ட அங்கேயே மறுபடியும் வருகின்றன. மனுஷன் மறுபடியும் பிறக்கிறான் என்கிற எண்ணம் இதிலிருந்து வந்ததுதான். அதனால்தான் மறுபடியும் ஒரு கல்யாணம், மறுபடியும் ஒரு தாலி. திருக்கடையூரில் வைப்பது, மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் அது என்பதால். ஐயர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் கலசத் தண்ணீரை உங்கள் இருவர் தலையிலும் ஊற்றுவார்கள்.

"உங்கள் இருவர்" என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு நீங்களும் மணையில் உட்காருகிறீர்கள், நீங்களும் பெற்றுக்கொள்கிறவர். அந்த நாள் பிள்ளைகளுடையது, உறவுமுறையுடையது. உங்கள் பிறந்தவீட்டிலிருந்து சீர் வரும், சம்பந்தி வீட்டு வேட்டி வரும், மொய் வரும். அந்தக் கூட்டத்தில் உங்கள் குழல் பத்தோடு பதினொன்றாகிவிடும். அவரும் எல்லோரையும் கவனிக்கிற அவசரத்தில் சரியாகப் பார்க்கக்கூட மாட்டார்.

அவர் தலைமுறைக்கு இன்னொரு வசதி உண்டு. பலருக்கு மூன்று பிறந்தநாள்! ஆவணி மாதத்து நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று, ஆங்கிலத் தேதி ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய சான்றிதழ்த் தேதி ஒன்று. நட்சத்திர நாள் விழாவுக்குப் போய்விட்டது. சான்றிதழ்த் தேதிப்படி அலுவலகம் மாலை போட்டு அனுப்பிவிடும். யாரும் உரிமை கொண்டாடாமல் மிச்சம் இருக்கிற நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டால், திருக்கடையூரிலிருந்து திரும்பி இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகு, சாயங்காலக் காபியோடு கொடுங்கள். நான் வைஸைக் கொடுத்தது அப்படி ஒரு சாயங்காலத்தில்தான். காகிதம்கூடச் சுற்றவில்லை.

விழாவுக்கான துணியைப் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் என் தொழில் அது, சொல்லாமல் விட மனசு வரவில்லை. இரண்டு செட் வேண்டும். கலச அபிஷேகத்தில் முழுக்க நனைவீர்கள், அதற்குப் பருத்தி வேட்டியும் பருத்திப் புடவையும். உடை மாற்றி வந்து தாலி கட்டும்போதுதான் பட்டு. பட்டை முதலிலேயே கட்டி நனைத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பஞ்சகச்சம் கட்டுகிற வழக்கம் என்றால் ஒன்பது ஐந்து என்று கேளுங்கள், 9 முழ வேட்டியும் 5 முழ அங்கவஸ்திரமும். ஆள் நல்ல உயரம், பருமன் என்றால் பத்து ஆறு. வழக்கமில்லாத வீடு என்றால் 8 முழ இரட்டை வேட்டி போதும், 4 முழம் விழாவுக்கு எடுப்பாக நிற்காது. சேலத்து வெண்பட்டு வேட்டி நன்றாக உழைக்கும். பட்டு அசல்தானா என்பதற்கு சில்க் மார்க் ஹாலோகிராம் சீட்டைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகுகிற வாசனையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணி மாதிரி திரண்டுவிடும். 35 வருடம் பேன்ட் போட்டவர் என்றால் இடுப்பில் வேட்டி நிற்குமா என்கிற கவலையிலேயே விழா முழுக்க நெளிவார். பருத்தி செட்டுக்கு ஒட்டிக்கோ வேட்டி எடுத்துக் கொடுங்கள், நிம்மதியாக இருப்பார்.

இனி நீங்கள் கேட்ட மற்ற மூன்று.

கைக்கடிகாரம். புதிதாக வாங்குவதற்கு முன் பீரோவைத் தேடிப் பாருங்கள். 1966-இல் பிறந்தவர் முதல் வேலைக்குப் போனபோதோ கல்யாணத்திலோ ஒரு எச்.எம்.டி. வந்திருக்க நிறைய வாய்ப்பு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூடுவதென்று அரசு முடிவெடுத்தது. ஜனதா, பைலட் மாதிரியான சாவி கொடுக்கிற கடிகாரங்கள் ஓடாமல் கிடந்தாலும் பெரும்பாலும் செத்திருக்காது, எண்ணெய் இறுகிப் போயிருக்கும். பழைய கடிகாரக்காரரிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் ஓடும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: முகப்பை மாற்ற வேண்டாம், புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம். மங்கிய அந்த எண்கள்தான் அவருடைய 25 வயது. தோல்வார் மட்டும் புதிதாகப் போடுங்கள். இதைக் குழலோடு சேர்த்துக் கொடுக்கலாம், செலவும் பெரிதாக ஆகாது.

மோதிரம். அவர் மோதிரம் போடுகிறவராக இருந்தால் பிள்ளைகளே போடுவார்கள். போடாதவருக்குப் போட்டால் விரலில் இரண்டு நாள், பிறகு லாக்கரில்.

ஸ்மார்ட் வாட்ச். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 12 வயது மூத்தவரைக் கட்டியவளுக்கு, அவருக்கு ஒவ்வொரு பத்து முடியும்போதும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும், யாரிடமும் சொல்லமாட்டோம். அந்தக் கணக்குதான் நம்மை ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கிற மெஷின், நடையை எண்ணுகிற வாட்ச் என்று கொண்டுபோய் நிறுத்துகிறது. அதெல்லாம் வேண்டாத பொருள்கள் இல்லை. வாங்குங்கள். ஆனால் மளிகை வாங்குகிற மாதிரி ஒரு சாதாரண நாளில் வாங்கி அலமாரியில் வையுங்கள், இருவருமே பயன்படுத்துங்கள். பிறந்தநாளில் அதைப் பரிசாக நீட்டினால், "நீ எப்ப விழுவேன்னு பாத்துட்டு இருக்கேன்" என்று அவர் காதில் விழும். நான் 65-இல் அவருக்குக் கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான். அவர் அதைத் தொடவே இல்லை. அதே மனிதர் 73-இல் தானாகப் போய் ஒன்று வாங்கி வந்தார்.

பயத்துக்கு உண்மையிலேயே மருந்து வேண்டுமென்றால் அது காகிதத்தில் இருக்கிறது. ஆலை எடுத்து வைத்திருக்கிற குழு மருத்துவக் காப்பீடு, வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ஓய்வுக்கு முன்பே கேட்டு விண்ணப்பித்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழிந்த வருடங்கள் கணக்கில் வரும். விட்டுவிட்டுப் பிறகு போனால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இ.எஸ்.ஐ.யில் இருந்தவர் என்றால், ஐந்து வருடமாவது காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவருக்கும் மனைவிக்கும் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அங்கே மருத்துவம் தொடரும். இதை இந்த மாதமே பேசி முடியுங்கள். பரிசு என்று பெயர் வைக்காதீர்கள்.

மீதிப் பணம் இருந்தால் ஒரு பயணம். கோவில் சுற்றுலா பிள்ளைகள் ஏற்பாடு செய்வார்கள். நீங்கள் அவரைக் கூட்டிப் போக வேண்டியது அவர் குழல் கற்ற ஊருக்கு, அந்தத் தெருவுக்கு, ஆசிரியர் இருந்தால் அவர் வீட்டுக்கு. ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது, ஆனால் 60 ஆன ஆணுக்கும் 45 ஆன பெண்ணுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. நீங்கள் இருவரும் அதில் வருகிறீர்கள். போன வருடம் 75-க்கு என் வீட்டுக்காரர் கேட்டது இதைத்தான். அவர் முதன்முதலில் வேலை கற்ற பட்டறை இருந்த தெருவைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டறை இல்லை, அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. எதிரே இருந்த டீக்கடை மட்டும் இருந்தது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த மெஷின் எங்கே நின்றது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி 41 வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

70-க்கு என்ன கொடுத்தேன் என்று சொல்லவில்லையே. அது 2020, ஊரடங்கு. யாரும் வரவில்லை, எழுபதுக்குச் செய்கிற பீமரத சாந்திச் சடங்கு என்று பேசக்கூட முடியவில்லை. அவர் மேசையில் திருகாணியைத் தேடித் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வளைகிற கழுத்துள்ள ஒரு எல்.இ.டி. விளக்கு வாங்கி மாட்டினேன். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்கும், வில்லை மஞ்சளாகும். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேர்கிறது. "கண்ணு தெரியலை" என்று அவர்கள் சொல்வதில் பாதி, வெளிச்சம் போதவில்லை என்பதுதான். உங்கள் வீட்டிலும் அவர் உட்கார்ந்து வாசித்துப் பழகப்போகிற மூலைக்கு ஒரு நல்ல விளக்கு போடுங்கள், ஸ்வரம் எழுதிய நோட்டு தெரிய வேண்டும். ஊதுகிறவருக்கு நிமிர்ந்து உட்காரக் கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும். சாய்வு நாற்காலி ஆகவே ஆகாது, மூச்சு அடைபடும், கையும் இடிக்கும்.

இன்னும் வருகிற பிறந்தநாள்களுக்கு: 75 பவளவிழா, 80 சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்பார்கள். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு சுமார் 29 நாள் 12 மணி நேரம், ஆயிரம் பௌர்ணமி 80 வருடம் 10 மாதத்தில் முடியும். அதற்கெல்லாம் இப்போதே யோசிக்க வேண்டாம்.

ஆவணிக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது அவருடைய அக்காவுக்கு ஒரு போன். கணவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள், நாத்தனார் என்ற உரிமையோடு கேளுங்கள். பழைய குழல் அவர்கள் வளர்ந்த வீட்டுப் பரணில் எங்காவது இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கீறல் விட்டிருந்தாலும், வாசிக்க முடியாமல் போயிருந்தாலும் பரவாயில்லை, துடைத்துப் புதுக் குழலோடு சேர்த்து வையுங்கள். துளை எத்தனை என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.